‘பொது இல்லை’ என்ற வரி

ஓய்வுபெற்று ஒன்றரை வருடமான என்னைக் கூப்பிட்டு, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சரியாகச் செய்தவற்றை எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பிழையாகச் செய்தவற்றில்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அவற்றில் ஆகப் பெரியதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்மேல் உங்களுக்கு மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

புத்தளம் நகரில் மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் அந்த அலுவலகத்தில் அப்போது நானும் சமிந்தவும் மட்டும்தான். சமிந்த சிலாபத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். தாய்மொழி சிங்களம். என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான். தமிழ் நன்றாகக் கதைப்பான், ஆனால் வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பான். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சேர்வர். இந்தக் கரையோரத்துச் சின்னச் சின்ன நிறுவனங்களின் இணையத்தளங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. சில பாடசாலைகள், ஒரு கிளினிக், மாம்புரியில் ஒரு மீனவர் சங்கம், தில்லையடியில் ஒரு காணி ஆவணச் சங்கம். தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களின் காணி உறுதிப் பத்திரங்கள், கடிதங்கள், வாக்குமூலங்களை எல்லாம் படமெடுத்துச் சேர்த்து வைப்பது அந்தத் தில்லையடிச் சங்கத்தின் வேலை.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு அமைவுக் கோப்பு உண்டு. எந்தப் பெயரில் தளம் திறக்கவேண்டும், எந்தக் கோப்புறையை எல்லோரும் பார்க்கலாம், எதைக் கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம் என்பதையெல்லாம் சேர்வருக்குச் சொல்வது அதுதான். அந்தக் கோப்புகளை அந்தந்த நிறுவனத்து எழுதுவினைஞர்களே மாற்றிக்கொள்வார்கள். முன்பு பயன்படுத்திய மென்பொருளில் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் நிறைந்திருக்கும். ஒன்று விடுபட்டாலும் எனக்குத் தொலைபேசி வரும். “அடைப்புக்குறிய மூடுங்க” என்பேன். “எது சேர், வளைஞ்சதா நெளிஞ்சதா?” என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். ஒரு நாளில் பாதி இப்படியே போகும்.

அதனால் நான் ஒரு முடிவெடுத்தேன். தொலைபேசியில் வாயால் சொல்லி எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு மொழியை உருவாக்குவது. வாயால் சொல்ல முடியாத எதுவும் அதில் இருக்கக்கூடாது. குறிகள் இல்லை. வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி விட்டாலும் பொருள் மாறாது, ஏனென்றால் இடைவெளி காதில் விழாது. மொத்தம் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள், ஒரு வரிக்கு ஒரு விஷயம். ‘இடம் ஆவணங்கள்’ என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே ‘பொது இல்லை’ என்று எழுதினால் ஆவணங்கள் என்ற கோப்புறை கடவுச்சொல்லுக்குப் பின்னால் போய்விடும். அவ்வளவுதான்.

அதை எழுதி முடித்து ஓடவிட்ட வாரம் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. தொலைபேசி அடிப்பது பாதிக்கும் கீழே குறைந்தது. தில்லையடிச் சங்கத்தில் வேலை செய்த றிஸ்மினா, தன் கோப்பைத் தானே மாற்றிவிட்டு, “சேர், நான் செஞ்சிட்டேன், சும்மா சொல்ல எடுத்தேன்” என்று சொன்ன நாளில் சமிந்தவுக்கு நான் புரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அந்த மொழிக்குள் இரண்டு முடிவுகளை யோசிக்காமல் எடுத்திருந்தேன். ஒன்று, ‘பொது இல்லை’ என்று எழுதாத எதுவும் திறந்தே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு எல்லாமே திறந்திருப்பதுதான் தேவை, அவர்கள் ஏன் வீணாக ஒரு வரி எழுதவேண்டும் என்று நினைத்தேன். இரண்டாவது, சேர்வருக்குத் தெரியாத சொல் வந்தால் அது அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். எழுதுகிறவர்களைப் பயமுறுத்தக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. பிழை என்று அது சொன்னால் மறுபடியும் என் தொலைபேசி அடிக்கும். என் சோம்பலுக்கு நான் இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் றிஸ்மினா தொலைபேசி எடுத்தாள். குரல் சரியில்லை. சங்கத்தில் ஆவணம் கொடுத்த ஒரு பெண், தன்னுடைய கடிதத்தை உறவினர் ஒருவர் கைத்தொலைபேசியில் வாசித்துவிட்டதாக வந்து நிற்கிறார் என்றாள். அப்படி நடக்கமுடியாது என்றேன். கோப்பை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் நிதானமாக வாசித்தாள்.

“இடம் ஆவணங்கள். அடுத்த வரி, பொது இல்லை.”

சரியாகத்தான் இருந்தது. அப்போது நான் சொன்னதை இன்றைக்கு எழுதவும் கூச்சமாக இருக்கிறது. “உங்கட கணினியில பழைய பக்கம் தேங்கியிருக்கும், அதை அழிச்சுப் பாருங்க” என்றேன். என் சேர்வரைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய கணினியையும் அவளையும்தான் சந்தேகித்தேன்.

“சேர், நீங்க உங்கட ஃபோனில ஒருக்கா பாருங்க” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே நான் பார்த்தேன்.

கடவுச்சொல் எதுவும் கேட்காமல் கோப்புறை திறந்தது. ஒரு கடிதத்தை அழுத்தினேன். கையெழுத்தில் எழுதிய ஒரு பக்கம் வந்தது. இரண்டு வரி வாசித்ததும் அது யாரோ ஒருவரின் குடும்ப விஷயம் என்று விளங்கியது. மூடிவிட்டேன். அந்தக் கோப்புறையை அப்படியே சேர்வரிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது இலகுவான பகுதி.

அடுத்த கேள்விதான் கஷ்டமானது. சரியாக எழுதிய வரிக்குச் சேர்வர் கீழ்ப்படியவில்லை. ஏன் என்று தெரியாது. அப்படியானால் இன்னும் யாருடைய வரிக்கெல்லாம் அது கீழ்ப்படியவில்லை? சமிந்த, முதலில் காரணத்தைத் தேடுவோம், எல்லாவற்றையும் நிறுத்தவேண்டாம் என்றான். மாம்புரிக்காரர்களின் காற்று அறிவிப்பும் அதில்தான் இருக்கிறது, கிளினிக் பட்டியலும் இருக்கிறது, எல்லோரும் தொலைபேசி எடுத்துக் கேட்பார்கள் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. காரணம் பத்து நிமிடத்தில் கிடைக்கலாம். மூன்று நாளும் ஆகலாம். தெரியாத நேரத்தை வைத்து நான் எதைத் தீர்மானிப்பது?

ஒன்றை மட்டும் யோசித்தேன். பக்கம் வராவிட்டால் மக்கள் என்னை ஏசுவார்கள், பிறகு பக்கம் வரும். ஒருவருடைய கடிதத்தை இன்னொருவர் வாசித்துவிட்டால் அதை யாராலும் வாசிக்காததாக ஆக்கமுடியாது. மாம்புரிச் சங்கத்துக்கு எடுத்து, இன்று கடல் எப்படி என்று கேட்டேன். அமைதி என்றார்கள். கிளினிக்குக்கும் சொன்னேன். பிறகு சேர்வரை நிறுத்தினேன். இதே மாதிரி ஒரு நாள் உங்களுக்கும் வரும். எது திரும்பி வரும், எது திரும்பி வராது என்று அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு கேள்விகளுக்குப் பிறகு நேரம் கிடைக்கும்.

காரணத்தைத் தேடத் தொடங்கினோம். றிஸ்மினாவின் கோப்பை என் திரையில் திறந்து வைத்து அந்த வரியை நாற்பது தடவையாவது வாசித்திருப்பேன். பொது இல்லை. பொது இல்லை. அதன் கீழேயே நான் அதே வரியைத் தட்டச்சு செய்தேன். என் வரியைச் சேர்வர் விளங்கிக்கொண்டது, அவளுடைய வரியை விளங்கிக்கொள்ளவில்லை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகத்தான் தெரிந்தன. என் நிரலில்தான் எங்கோ பிழை என்று நினைத்து அதைத் துருவத் தொடங்கினேன். ஒரு மணித்தியாலம் அப்படிப் போனது.

சமிந்த என் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்த வரியை வாசிக்கவில்லை. வாசிப்பது அவனுக்குச் சிரமம். இரண்டு வரிகளையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்து, அவற்றின் அளவை மட்டும் பார்த்தான்.

“நானா, இந்த ரெண்டும் ஒண்டு இல்ல. அந்தப் பிள்ளையிட வரி மூணு பைட் கூட.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் வரியை எழுத்து எழுத்தாக எண்களாக மாற்றிக் காட்டினான். அப்போதுதான் தெரிந்தது. ‘பொ’ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் அரவையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பைத் தனியாகவும் அரவைத் தனியாகவும் இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே ‘பொ’தான். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, வாய்க்கும் இல்லை. சேர்வருக்கு மட்டும் அவை இரண்டு வேறு சொற்கள். பதினொரு நாட்களுக்கு முன்பு றிஸ்மினா அந்தக் கோப்புறைக்குப் பெயர் மாற்றியபோது, பழைய எழுத்துருவில் அடித்து, மாற்றித் தரும் ஒரு செயலியில் போட்டு எடுத்திருக்கிறாள். அந்தச் செயலி கொம்பையும் அரவையும் பிரித்து வைத்திருக்கிறது. என் பன்னிரண்டு சொற்களில் அப்படிப் பிரியக்கூடிய எழுத்து வருவது ஒரே ஒரு சொல்லில். அது பூட்டுகிற சொல்.

தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போ என்று சேர்வருக்குச் சொன்னவன் நான். எழுதாதது எல்லாம் திறந்திருக்கட்டும் என்று சொன்னவனும் நான். அந்தப் பிள்ளை எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

தமிழ் வாசிக்கத் தெரிந்த எனக்குத் தெரியாதது, வாசிக்கச் சிரமப்பட்டவனுக்குத் தெரிந்தது. நான் அந்த வரியில் இருந்ததைப் பார்க்கவில்லை, இருக்கவேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எந்தப் பிழையைத் தேடும்போதும் சமிந்தவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். அவன் அதை மேலதிக வேலை என்று சொல்லிச் சொல்லிப் பிளேன்டீ வாங்கிக் குடிப்பான்.

மற்றக் கோப்புகளையும் தேடினோம். அதே மாதிரி இன்னும் ஒன்று இருந்தது. ஒரு பாடசாலையின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் ஊருக்கே திறந்துகிடந்தன. நல்லவேளை, ஒரு மாணவனும் தன் பாடசாலையின் தளத்துக்குப் போய்ப் பார்த்திருக்கவில்லை. அதிபருக்குச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

தில்லையடியில் சிரிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. திறந்திருந்தது ஆறு குடும்பங்களின் ஆவணங்கள். சேர்வரின் பதிவேட்டில் யார் யார் எதைத் திறந்தார்கள் என்று பார்த்தோம். ஐந்து குடும்பங்களின் தாள்களை ஒருவரும் தொடவில்லை. ஆறாவது குடும்பம், அன்று காலை சங்கத்துக்கு வந்து நின்ற சுலைஹா ராத்தாவுடையது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், மன்னாரிலிருந்து வந்தவர், கணவர் மௌத்தாகிவிட்டார். அவருடைய கடிதத்தை றிஸ்மினா திறந்திருக்கிறாள், நான் திறந்திருக்கிறேன், எங்கள் இருவருக்கும் முன்பு இன்னொருவர் திறந்திருக்கிறார். அது அவருடைய கணவரின் தம்பி மகன். தன் ஊரின் பெயரையும் வாப்பாவின் பெயரையும் போட்டுச் சும்மா தேடியபோது அந்தக் கடிதம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. காணியின் மூல உறுதி தன் கணவரின் தம்பியிடம்தான் இருக்கவேண்டும், கேட்டால் இல்லை என்கிறார் என்று ராத்தா அதில் எழுதியிருந்தார். சட்டத்தரணிக்காக எழுதிய கடிதம். அதை வாசித்துவிட்டு அந்தப் பிள்ளை நேரே ராத்தாவின் வீட்டுக்குப் போய், “பெரியம்மா, எங்கட வாப்பாவைக் கள்ளன் எண்டா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறான்.

அவரிடம் போகத்தான் வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. மற்ற ஐந்து பேரைப் பற்றித்தான் பேச்சு. சமிந்த போகவேண்டாம் என்றான்.

“அவங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல நானா. சொன்னா சும்மா பயம்தான் வரும்.”

எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. படி இறங்கித் தெருவில் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்களுடைய பதிவேடு சொல்வது. அந்தப் பதிவேட்டையும் நான்தான் எழுதினேன், காலையில் என் சேர்வரைப் பற்றி நான் சொன்னது எல்லாம் பிழையாகிவிட்டது. மேலும், தங்களுடைய தாள்களை எங்களிடம் இனியும் வைத்திருப்பதா என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கவேண்டும். சொல்லாவிட்டால் அவர்களுக்குப் பதிலாக நான் தீர்மானித்ததாக ஆகும். இதைச் சொன்னதும் சமிந்த தன் பையை எடுத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டான்.

ஐந்து வீடுகளிலும் றிஸ்மினா கதவைத் தட்டினாள், நான் சொன்னேன். ஒருவர் ஏசினார். ஒருவர் தேத்தண்ணி தந்தார். ஒருவர் தன் உறுதியைச் சேர்வரில் வைத்திருந்த விஷயத்தையே மறந்திருந்தார். கடைசியாகச் சுலைஹா ராத்தாவின் வீட்டுக்குப் போனோம். அஸர் தொழுகை முடிந்து அவர் முன்னறையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். கொம்பும் அரவும் பிரிந்த கதையைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பிழையை எழுத்தின்மேல் போடுவதாகப் படும் என்று தோன்றியது. பூட்டு பூட்டாமல் இருந்தது, அது என்னுடைய பிழை, றிஸ்மினாவுடையது இல்லை என்று சொன்னேன்.

அவர், “நீங்களும் வாசிச்சீங்களா தம்பி?” என்று கேட்டார்.

“முதல் ரெண்டு வரி. பிறகு மூடிட்டேன்.”

“சரி” என்றார். பிறகு, “என்ட கடதாசி எல்லாத்தையும் எடுத்துத் தாங்க” என்றார்.

அடுத்த நாளே அவருடைய எல்லாவற்றையும் அழித்தேன், சங்கத்தில் இருந்த பிரதிகளையும் றிஸ்மினா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவருக்கும் மைத்துனர் குடும்பத்துக்கும் பேச்சு நின்றுவிட்டது என்று பின்னர் கேள்விப்பட்டேன். அதைச் சரிசெய்யும் நிரல் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

மொழியைத் திருத்தத் தொடங்கினேன். கொம்பும் அரவும் எப்படி வந்தாலும் வாசிப்பதற்கு முன்பே ஒரே வடிவமாக்குவது ஒரு மத்தியான வேலைதான். அதோடு விட்டிருந்தால் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம், ஏனென்றால் நாளைக்கு வேறொரு எழுத்து வரும். அதனால் இரண்டு பழைய முடிவுகளையும் தலைகீழாக்கினேன். இனி எல்லாம் பூட்டியே இருக்கும், திறக்கவேண்டியதற்குத்தான் ‘பொது’ என்று எழுதவேண்டும். தெரியாத சொல் ஒன்று இருந்தாலும் சேர்வர் அதை ஏற்காது. முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கோப்புகளைத் திருப்பி எழுதவேண்டியிருந்தது. நானும் சமிந்தவும் இரண்டு வாரம் அதைச் செய்தோம்.

பிழைச் செய்திகளை எழுதும்போது றிஸ்மினாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ‘நான்காம் வரி: அறியப்படாத சொல். நிராகரிக்கப்பட்டது.’ பொலிசில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். இப்படி மாற்றினேன்: ‘நான்காம் வரியில் பொதூ என்று இருக்கிறது. பொது என்பதா? திருத்தித் தாருங்கள்.’ இது பரவாயில்லை என்றாள். நீங்கள் இன்று பார்க்கும் செய்திகள் பெரும்பாலும் அவள் வாயால் கேட்டுத் திருத்தியவை.

அதே நேரத்தில் எனக்கு வேறொரு ஆசையும் வந்தது. அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கட்டும், இன்ன ஆள் என்றால் திறக்கட்டும் என்று நிபந்தனை எழுதும் வசதியைச் சேர்க்கலாமே என்று நினைத்தேன். பாதி எழுதியும்விட்டேன். மூன்று நிபந்தனை கொண்ட ஒரு சின்னக் கோப்பைத் தொலைபேசியில் றிஸ்மினாவுக்குச் சொல்லி, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அந்தக் கோப்புறை திறந்திருக்குமா பூட்டியிருக்குமா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். இரண்டு பேரும் வேறு வேறு பதில் சொன்னோம். எழுதியதை அழித்துவிட்டேன். அது இல்லையே என்று உங்களுக்கு எரிச்சல் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புது மொழி இரண்டு மாதம் அமைதியாக ஓடியது. பிறகு ஒரு காலை, மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் மாதம், மனைவியின் கண்ணைக் காட்ட சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசை எண் சீட்டை வாங்கிக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது மாம்புரிச் சங்கச் செயலாளர் சேவியர் அண்ணன் எடுத்தார். காற்று எச்சரிக்கை வந்திருக்கிறது, பக்கத்தில் போடப் போனால் பக்கமே வருதில்லை என்றார். எந்தத் தளமும் வரவில்லை. சமிந்த புத்தளம் வரும் பஸ்ஸில் பாதி வழியில் இருந்தான். என் கையில் ஒரு தொலைபேசி மட்டும்.

நடந்தது இதுதான். காலை ஏழு மணிக்குச் சேர்வர் எல்லாக் கோப்புகளையும் புதிதாக வாசிக்கும்படி வைத்திருந்தேன். ஒரு பாடசாலை ஆசிரியை முதல் நாள் பின்னேரம் தன் கோப்பில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் சேர்வர் அந்தச் சொல்லைப் பார்த்தது, நான் சொல்லிக்கொடுத்தபடி மறுத்தது, எழும்பவே இல்லை. ஓர் ஆசிரியையின் ஓர் எழுத்துக்காக எல்லாரும் இருட்டில்.

சமிந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கடையில் கணினியை இரவல் வாங்கி, நான் சொல்லச் சொல்ல அந்தக் கோப்பை ஒதுக்கிவைத்து சேர்வரை எழுப்ப ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடமும் சேவியர் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கரை நெடுக ஒவ்வொரு மீனவர் வாடியாகப் போய்ச் சொன்னார். புறப்பட இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இரண்டு படகுகள் ஏற்கெனவே வெளியே. பக்கம் திரும்பி வந்ததும் அதில் ஒன்று கைத்தொலைபேசியில் எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பியது. மற்றது காற்றைப் பார்த்துத் தானாகவே திரும்பியது. எல்லோரும் நனைந்தார்கள், எல்லோரும் கரைக்கு வந்தார்கள். அதைக் கேட்கும்வரை மனைவியின் எண்ணைக் கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை. அவர் தனியாகவே உள்ளே போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார்.

பின்னேரம் மாம்புரிக்குப் போனேன். சேவியர் அண்ணன் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார்.

“தம்பி, நீங்க பூட்டுறது நல்லது. ஆனா ஒருத்தன் பிழை விட்டா அவன்ட கதவை மட்டும் பூட்டுங்க. ஏன் எங்கட கதவையும் சேத்துப் பூட்டுறீங்க?”

இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் பிழைக்குப் பயந்து நான் மற்றப் பக்கத்தில் விழுந்திருந்தேன். கண்டிப்பு வேண்டும், ஆனால் அது பிழை செய்தவரிடம் போய்ச் சேரவேண்டும், அதுவும் அவர் கோப்புக்கு முன்னால் இருக்கும்போதே. அந்த வாரமே மாற்றினேன். சேமிக்கும் நேரத்திலேயே கோப்பு பரிசோதிக்கப்படும். பிழை இருந்தால் எழுதியவருக்கு உடனே சொல்லும், கடைசியாகச் சரியாக இருந்த கோப்பே தொடர்ந்து ஓடும். ஒருவருடைய கோப்பு இன்னொருவருடைய தளத்தைத் தொடாது. அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும்வரை அந்தச் சேர்வர் ஒரு சொல்லுக்காக நின்றதில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். அரைப் பக்கம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதில் பாதி இதுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள், நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், சுலைஹா ராத்தா எங்கள் அலுவலகத்துப் படி ஏறி வந்தார். றிஸ்மினாவும் கூட வந்திருந்தாள். படி செங்குத்து, மூச்சு வாங்கியது. சமிந்த தண்ணீர் கொடுத்து இருத்தினான். ராத்தா கையில் தடித்த காகித உறை. எங்களிடமிருந்து திருப்பி வாங்கிய தாள்கள் எல்லாம் அதில் இருந்தன. புதிதாக ஒன்றும் இருந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டிய ஒரு பழைய நில அளவை வரைபடம்.

மைத்துனர் வந்ததாகச் சொன்னார். தன் வீட்டில் இருந்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, “நீங்களே தேடுங்க” என்று முன்னறையில் கொட்டினாராம். இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். உறுதி அதில் இல்லை. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இந்த வரைபடம் இருந்திருக்கிறது. இதில் ராத்தாவின் கணவரின் பெயர் இருந்தது. சட்டத்தரணி பார்த்துவிட்டு, இது போதுமானதாக இருக்கலாம் என்றாராம்.

எனக்கு நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

“அதுக்காக நீங்க செஞ்சது சரியெண்டு ஆகாது தம்பி” என்றார் ராத்தா.

“ஓம், ஆகாது” என்றேன்.

“மச்சான் கதைக்கிறார். அவர்ட மகன் இன்னும் கதைக்கிறதில்ல.”

அவர் உறையை என் பக்கம் தள்ளினார். வீட்டில் வைத்தால் கறையான் அரிக்கிறது, ஒவ்வொரு முறையும் சட்டத்தரணியிடம் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, அதனால் வைக்கச் சொல்லி வந்தேன் என்றார். சமிந்த ஒவ்வொரு தாளாகப் படமெடுத்தான். வரைபடத்தை மட்டும் அவர் தன் கையாலேயே விரித்துப் பிடித்தார். எல்லாவற்றையும் புதிய கோப்புறை ஒன்றில் வைத்தேன். ராத்தா கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“இதைப் பூட்ட என்ன எழுதப் போறீங்க?”

“ஒண்டும் எழுதத் தேவையில்ல ராத்தா. இப்ப மாத்திட்டோம். எழுதாட்டிப் பூட்டித்தான் இருக்கும். திறக்கத்தான் எழுதணும்.”

அவர் என்னைப் பார்த்தார், றிஸ்மினாவைப் பார்த்தார். றிஸ்மினா தலையாட்டினாள். அது போதவில்லை. தன் கைத்தொலைபேசியை எடுத்து றிஸ்மினாவிடம் கொடுத்து, அந்தக் கோப்புறையைத் திறந்து காட்டச் சொன்னார். திறக்கவில்லை. கடவுச்சொல் கேட்டது. அவர் தொலைபேசியை வாங்கித் தன் விரலாலேயே மூன்று தரம் அழுத்திப் பார்த்தார். மூன்று தரமும் கேட்டது.

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப ஒண்டும் எழுதாதீங்க” என்றார்.